பெட்டிக்குள் பழுதான புதுச் சப்பாத்து

கொள்ளுப்பிட்டியில் செபஸ்தியன் ஒரு கடை வைத்திருக்கிறான். மலையேறப் போகிறவர்களுக்கு வேண்டிய சப்பாத்து, முதுகுப்பை, கூடாரம் எல்லாம் அங்கே விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். பதினொரு வருடம் என்னோடு ஒரே மேசையில் நின்று சப்பாத்துப் பரிசோதித்தவன். போன மாதம் போன் எடுத்தான்.

"அண்ணே, கடைக்கு வாற பிள்ளைங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குதுங்க. பழைய மாதிரி தைச்ச தோல் பூட்ஸ் நல்லதா, இந்தப் புது லைட் பூட்ஸ் நல்லதா எண்டு. நான் சொன்னா, விக்கிறதுக்குச் சொல்றான் எண்டு நினைக்கிறாங்க. நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில தொங்கவிடுறேன்."

"என்னட்டையோ கேக்கிறாய்?"

"வேற யாருட்ட? இருபத்தொன்பது வருஷம் சப்பாத்தை மோந்து பாத்த ஆள் நீங்கதானே."

எங்கள் வீட்டில் நடந்தது அவனுக்குத் தெரியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. கடையில் தொங்கவிடக் கூடியதாகவும் வரவில்லை.

கிராண்ட்பாஸ் பக்கம் இருந்த ஓர் ஏற்றுமதிச் சப்பாத்துத் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வயதில் சேர்ந்தேன். முதல் நான்கு வருடங்கள் தையல் பகுதி. மெழுகு பூசிய தடித்த நூல், தோல், மரக்கட்டை அச்சு, விரல் நுனியில் எப்போதும் ஒரு காயம். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு அதிகமில்லை. பிறகு தரப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். அங்கேயே இருந்து, தொழிற்சாலையைக் கொழும்புக்கு வெளியே கொண்டுபோன வருடம் ஓய்வு பெற்றேன். அப்போது ஐம்பத்திரண்டு வயது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வர என் முழங்கால் சம்மதிக்கவில்லை. இப்போது ஐம்பத்தெட்டு.

நான் சேர்ந்த காலத்தில் செய்தவை எல்லாம் தைத்த சப்பாத்துகள். மேல்தோலை அடித்தோலோடு நூலால் சேர்ப்போம். பாரமானவை. புதிதாகப் போட்டால் இரண்டு வாரம் காலைக் கடிக்கும். மழையில் நனைந்தால் காய மூன்று நாள் செல்லும். பிறகு புது விதம் வந்தது. மேலே துணியும் மெல்லிய தோலும், கீழே ரப்பர் அடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்பில் ஃபோம். ஊற்றி ஒட்டுவது, நூலே கிடையாது. கையில் எடுத்தால் பேக்கரியில் வாங்கும் ஒரு இறாத்தல் பாணைத் தூக்குவது போல லேசாக இருக்கும். போட்ட முதல் நாளே நடக்கலாம். தண்ணீர் உள்ளே போகாது. பழையதுதான் உறுதி என்று அடித்துப் பேசிய எங்கள் தையல்காரர்களே, வீட்டுக்குப் போகும்போது புதியதைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள்.

எங்கள் மேசையில் செய்தது இதுதான். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில சோடிகளை எடுப்போம். ஒன்றை வளைக்கும் இயந்திரத்தில் பூட்டினால் நாள் முழுக்க அது மடங்கி மடங்கி நிமிரும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைப்போம். ஒன்றின் அடியைக் குறடு போன்ற இயந்திரம் பிடித்து இழுக்கும். எந்த இழுவைக்கு விடுகிறது என்று எழுதிக்கொள்வோம். இவற்றில் தேறிய பிறகு, தொகுதிக்கு ஒரு சோடியைத் தொடாமல் பெட்டியில் போட்டுப் பின்னறைத் தட்டில் வைப்போம். பிற்காலத்தில் முறைப்பாடு வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு. எங்களுக்குள் அதன் பெயர் 'சாட்சிச் சோடி'.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ் ஃபரீனா. இரசாயனம் படித்து வந்தவர், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்றும் 'சொல்லு' என்பதை 'செல்லு' என்றும் பேசுகிறவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் வாரம் நாங்கள் அவரை மதிக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சப்பாத்தை எடுத்தால் கண்ணால் பார்க்க முன்னம் காதோடு வைத்து மெல்ல வளைப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

"என்ன மிஸ், ரேடியோ கேக்கிறீங்களா?" என்றான் ஒருநாள் செபஸ்தியன்.

"ஓ, செபஸ்தியன். நீங்க பாஸ் பண்ணின சப்பாத்துதான். உங்களப் பத்தி என்னமோ செல்லுது. கேக்கிறீங்களா?"

செபஸ்தியன் அந்தச் சப்பாத்தை மறுபடி கையில் எடுத்தான். மிஸ் ஃபரீனா யாரையும் அதட்டி நான் கண்டதில்லை. 'நல்லம்' என்று சொல்லியும் கேட்டதில்லை. ஒரு சோடி தேறினால் அதை மேசையின் வலது பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான். தேறாவிட்டால் அதைச் செய்தவரையும் பரிசோதித்தவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பிழையை அவர்களே கண்டுபிடிக்கும்வரை தேநீர் வாங்கிக் கொடுத்துக் காத்திருப்பார். அதைவிடத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் வந்து சில வருடங்களின் பின் ஒரு முறைப்பாடு வந்தது. வெளிநாட்டில் ஒரு பெண், கடையில் புதிதாக வாங்கிய எங்கள் சப்பாத்தோடு மலைப்பாதையில் இறங்கும்போது அடி கழன்று விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சோடி அந்தக் கடையின் களஞ்சியத்தில் பல வருடங்கள் விற்காமல் கிடந்தது. நட்டஈடு கேட்டு எழுதியிருப்பார் என்றுதான் நினைத்தோம். கடிதத்தின் கடைசி வரியில் அவர் கேட்டிருந்தது வேறு: நான் ஏதாவது பிழையாகப் பாவித்துவிட்டேனா?

அந்தத் தொகுதியைப் பரிசோதித்தவன் நான். குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். வளைவு, தண்ணீர், இழுவை, எல்லாம் தேறியிருந்தது. மனதுக்குள் ஒரு நிம்மதி. மிஸ் ஃபரீனா குறிப்புகளைப் பார்க்கவேயில்லை. பின்னறைக்குப் போய் அந்தத் தொகுதியின் சாட்சிச் சோடியை எடுத்து வந்தார். பெட்டியைத் திறந்தால் நேற்றுச் செய்தது போல மினுங்கியது. ஒரு கீறல் இல்லை. காதோடு வைத்து வளைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மிஸ்டர் ரட்ணம், நீங்க கேளுங்க."

வளைத்தேன். ரஸ்க் கடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். இரண்டாவது தரம் வளைத்தபோது ரப்பர் அடி அப்படியே என் கையோடு வந்தது. நடுவில் இருந்த ஃபோம் மஞ்சள் தூளாக மேசையில் கொட்டியது. ஒருவரும் காலில் போடாத சப்பாத்து.

"நாங்க செஞ்ச நாள்ல இது நல்லாத்தான் ஈந்திச்சு. உங்கட பிழை இல்ல," என்றார். "காத்துல ஈக்கிற ஈரம் இந்த ஃபோமக் கொஞ்சம் கொஞ்சமாத் திங்குது. போட்டு நடந்தாலாவது அமுங்கி அமுங்கி ஈரம் வெளிய போகும். பெட்டிக்குள்ள மூடி வெச்சா உள்ளுக்கே ஈந்து திங்கும். நாங்க முதல் நாள் டெஸ்ட் பண்றோம். இது சாகிறது ஏழாம் வருஷம், எட்டாம் வருஷம்."

தைத்த சப்பாத்துக்கும் புதியதற்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தை அன்று அந்த மேசையில்தான் கண்டேன். தைத்தது பழுதானால் வெளியே காட்டும். நூல் அறும், தோல் வெடிக்கும், பார்த்தவுடன் தெரியும், தைக்கக் கொடுக்கலாம். புதியது வெளியே மினுங்கிக்கொண்டு உள்ளே செத்திருக்கும்.

வாடிக்கையாளர் நெருப்புக்குக் கிட்ட வைத்துக் காயவிட்டிருக்கிறார், பாவித்த முறை பிழை என்று அறிக்கை எழுதச் சொன்னார் பொது முகாமையாளர். மிஸ் ஃபரீனா மறுத்து உண்மையை எழுதினார். நானும் அதன் கீழ் கையெழுத்து வைத்தேன். அந்த அளவுக்கு நான் நல்லவன். அடுத்த வாரம் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி வைக்க வேண்டும் என்றார் மிஸ் ஃபரீனா. செய்த மாதம், வருடம், பாவிக்காமல் பூட்டி வைக்க வேண்டாம், இத்தனை வருடத்துக்குப் பிறகு பரிசோதிக்காமல் மலைக்குப் போக வேண்டாம் என்று எழுதி. விற்பனைப் பகுதியார் சிரித்தார்கள். பால் பக்கற்றுக்குப் போடுகிற மாதிரிச் சப்பாத்துக்குத் திகதி போட்டால் யார் வாங்குவான் என்றார் ஒருவர். பொது முகாமையாளர் மேசையைச் சுற்றிப் பார்த்து, இதில் அனுபவமுள்ளவர் மிஸ்டர் ரட்ணம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. "அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும், சேர்," என்றேன்.

துண்டுக் கடதாசி வரவில்லை. பதவி உயர்வு வந்தது. மிஸ் ஃபரீனா இரண்டு வருடங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்ற நாளில், களஞ்சியத்தில் விரும்பிய ஒரு சோடியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் அளவில் நான் தேடவில்லை. பெண்களுக்கான முப்பத்தெட்டாம் அளவு, கடும் சாம்பல் நிறம், பனிக்கும் மலைக்கும் என்று செய்தது. அதற்கு முதல் வருடம் என் கையால் தேறிய தொகுதி. மகள் மயூரிக்கு அப்போது பத்தொன்பது வயது.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்ட. யன்னல் கம்பி வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். உப்புப் போத்தலை மூடாவிட்டால் மறுநாள் தண்ணீர். அந்த வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், என் மனைவி சாந்தினி அந்தச் சப்பாத்தைப் பெட்டியோடு இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிப் பூச்சி உருண்டையும் போட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் நல்ல சாமான் எல்லாமே அப்படித்தான். விருந்தினர் கோப்பை, சீதனக் குத்துவிளக்கு, பிரிக்காத படுக்கை விரிப்பு. பல்கலைக்கழகப் பிள்ளைகளோடு சிவனொளிபாதமலைக்குப் போக மயூரி அதைக் கேட்டாள்.

"படிக்கட்டு ஏறுறதுக்கோ? ரப்பர் செருப்புப் போதும். அதைத் தேய்க்காதை," என்றேன் நான். இரசாயனம் படித்த ஒருவர் எனக்குப் பக்கத்திலிருந்து விளக்கிச் சொல்லியிருந்தும், நானேதான் அப்படிச் சொன்னேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் மயூரி மேற்படிப்புக்குக் கனடா போனபோது சூட்கேஸில் அது முதலில் ஏறியது. அங்கேயும் அவள் அதைப் போடவில்லை. அப்பா தந்தது, ஒரு நல்ல பயணத்துக்குப் போடுவேன் என்று வைத்திருந்தாள். எங்கள் பிள்ளைதானே.

இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பயணம் வந்தது. சிநேகிதர் நால்வர், உறைந்த ஏரி ஒன்றைச் சுற்றிப் பனியில் நடை. ஆழமான பனியில் வெறும் சப்பாத்தோடு நடந்தால் கால் முழங்கால்வரை புதையும். அதனால் அகலமான ஒரு சட்டத்தைச் சப்பாத்தின் கீழே வாரால் பூட்டிக்கொள்வார்கள். பனிச்சப்பாத்து. அதில் எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டாள். வீடியோவில் பேசும்போது, கிடைத்த இரண்டு சோடியையும் கமராவில் காட்டினாள்.

"அப்பா, இது மரம். வீட்டுக்காரர் சுவரில மாட்டி வைச்சிருந்தது, சும்மா கொண்டு போகச் சொல்றார். இது அலுமினியம், வாடகை. எது?"

"கிட்டக் காட்டு. வார் பூட்டுற இடத்தைக் காட்டு."

"நீங்கள் பனியைக் கண்டதே ஃப்ரிட்ஜுக்குள்ளதானே அப்பா!"

"உங்கட அப்பா அந்த ஃப்ரிட்ஜையும் ஒழுங்காத் திறந்து பாக்கிறேல்லை," என்றாள் சாந்தினி சமையலறையிலிருந்து.

நான் விடவில்லை. ஒரு மணித்தியாலம் பார்த்தேன். வளைத்த மரச் சட்டம் அழகாகத்தான் இருந்தது. குறுக்கே பின்னியிருந்த தோல்வார் பல இடங்களில் வெடித்திருந்தது. ஈரப்பட்டால் தளரும், இடையில் அறுந்தால் அங்கே பின்னித் தர ஆளில்லை. அலுமினியத்தில் பூட்டு இறுக்கமாக விழுந்தது, கீழே வழுக்காமல் பிடிக்கப் பற்களும் இருந்தன. அதையே எடுக்கச் சொன்னேன். பழைய மேசைக்குத் திரும்பிப் போனது போல ஒரு சந்தோசம்.

"சரி. பூட்ஸ் நீங்கள் தந்ததுதான். பெட்டி பிரிக்காமல் புதுசாக் கிடக்கு," என்றாள்.

"அது என்ர கையால பாஸ் பண்ணினது. ஒண்டுக்கும் யோசிக்காதை."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மயூரியே ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். சாந்தினி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாகனம் போகும் பாதையிலிருந்து ஆறு கிலோமீற்றர் உள்ளே, வலது கால் சப்பாத்தின் அடி முழுதாகக் கழன்றிருக்கிறது. பனிச்சப்பாத்தின் பூட்டு விடவேயில்லை. பிரிந்த அடியை அது இறுகப் பிடித்துக்கொண்டு பனியில் கிடக்க, மகளின் கால் மேல்துணியோடு வெளியே வந்துவிட்டது. கழுத்துச் சால்வையையும் ஒரு பொலித்தீன் பையையும் சுற்றிக்கட்டி, இரண்டு பேர் தாங்க, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் புதைந்து புதைந்து நடந்திருக்கிறாள். சின்ன விரலும் அடுத்ததும் உறைந்து வெளுத்து மரத்துப்போயிருந்தன. உடனே வெட்டமாட்டார்களாம். எது பிழைக்கிறது, எது இல்லை என்று தெரிய வாரக்கணக்கில் பார்த்திருக்க வேண்டுமாம்.

ஒரு சிநேகிதி எடுத்த படத்தை அனுப்பினாள். வெள்ளைப் பனியில் மஞ்சள் தூள். வேறு எதையும் நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் நித்திரை கொள்ளவில்லை, சாப்பிட்டது நினைவில்லை. "உங்கட கொம்பனிக்கு ஒரு கடிதம் போடுங்கோ. என்ன சாமான் செய்திருக்கிறாங்கள்!" என்று சாந்தினி கத்தினாள். போடுகிறேன் என்றேன். மயூரி தினமும் பேசினாள். முகத்தை மட்டும் காட்டுவாள், காலைக் காட்டமாட்டாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, சிரிக்க முயன்றுகொண்டு சொன்னாள்:

"நான்தான் ஏதோ பிழையாப் பாவிச்சிட்டன் போல அப்பா. பூட்டை மிச்சம் இறுக்கிப்போட்டன். வெளிக்கிடேக்க ஹீட்டருக்குக் கிட்டவும் வைச்சனான்."

பொது முகாமையாளர் எழுதச் சொன்ன அதே காரணம். அதை என் பிள்ளை தன் வாயாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் பேசாமல் இருந்தால், வாழ்நாள் முழுக்க அவள் அதை நம்புவாள்.

"மயூரி, உன்ர பிழை இல்லை. ஃபோம் உதிர்ந்து போச்சுது. பூட்டி வைச்சால் அப்பிடி நடக்கும். அது எனக்குத் தெரியும்."

"இப்ப விசாரிச்சனீங்களோ?"

"இல்லை. பதினைஞ்சு வருஷமாத் தெரியும்."

மணிக்கட்டு உடைந்த பெண்ணைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி, நான் சொன்ன ஒரு வசனத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். பக்கத்தில் சாந்தினி கையில் அகப்பையோடு நின்றாள்.

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையில்லை. "மற்றவையின்ர சப்பாத்துக்குத்தான் அது நடக்கும் எண்டு நினைச்சிருந்தனான் போல," என்றேன். "உனக்கெண்டு பாத்து எடுத்ததுக்கு நடக்கும் எண்டு நினைக்கேல்லை."

அவள் போனை வைத்துவிட்டாள். சாந்தினி அகப்பையோடு உள்ளே போனாள். அதன் பிறகு மயூரி தாயோடு மட்டும்தான் பேசினாள். நான் அடுத்த அறையில் இருந்து குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்துக்கு நடுவில்தான் செபஸ்தியன் போன் எடுத்தான். தம்பி, உன் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பழையதா புதியதா என்று என்னிடம் கேட்க வேண்டாம். தைத்தது பாரம், நனையும், ஆனால் தன் வருத்தத்தை ஒளிக்காது. புதியது லேசு, சூடு, பனிக்கும் மழைக்கும் அதுதான் நல்லது, ஆனால் அதற்கு வயது உண்டு. எப்போது செய்தது என்று கேட்டு வாங்குங்கள். வாங்கினால் போடுங்கள், கடைக்குப் போகவும் போடுங்கள். பொலித்தீனில் சுற்றாதீர்கள். நெடுநாள் கிடந்ததை மலைக்குக் கொண்டுபோக முன்னம் நடு ஃபோமில் நகத்தால் அழுத்துங்கள், காதோடு வைத்து வளையுங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை. நீ வாடகைக்கு விடும் ஒவ்வொரு சோடியிலும் செய்த மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டு. வாடிக்கை குறையும். ஒட்டு.

போன வெள்ளிக்கிழமை என் போன் அடித்தது. சாந்தினியுடையது அல்ல, என்னுடையது. மயூரி 'அப்பா' என்றாள். கமராவைக் கீழே திருப்பினாள். இத்தனை வாரமும் காட்டாத கால். நான்காவது விரல் பிழைத்திருந்தது, நகமில்லாமல், புதுத்தோல் இளஞ்சிவப்பாக. சின்ன விரல் இருந்த இடத்தில் தையல் அடையாளம்.

"வடிவாப் பாருங்கோ," என்றாள்.

பார்த்தேன். கண்ணை எடுக்க வேண்டும் போல இருந்தது. எடுக்கவில்லை.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லாத விரல்தான் நோகுது. அப்பிடித்தான் இருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்." கமரா அவள் முகத்துக்குத் திரும்பியது. அழுதிருந்தாள். "நான் இன்னும் கோவம்தான், விளங்குதோ?"

"ஓம்."

"வைக்கட்டோ?"

"வைக்காதை," என்றேன். அவள் வைக்கவில்லை. இருவரும் போன் சூடாகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.